ஐரீன் ஏறிய கன்டெய்னர்

எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டிய எவரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்டிருக்கலாம், ஐரீனின் ஆபீஸ் எங்கே என்று. கையை நீட்டிக் காட்டியிருப்பார்கள். கடல் பக்கம், அலையைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய கரையை ஒட்டி மங்கையின் டீக்கடை. நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு பெஞ்சு. பெஞ்சின் ஒரு முனையில் பன் ஜாடி, மறு முனையில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் மஞ்சள் டெலிபோன். இரண்டுக்கும் நடுவில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மடியில் ஒரு பழைய லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பாள் நாற்பத்து மூன்று வயது ஐரீன். அந்த பெஞ்சுதான் ஆபீஸ். கதவு கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. லேப்டாப்பிலிருந்து ஒரு கருப்பு ஒயர் புறப்பட்டுப் பக்கத்தில் கிடக்கும் கைபேசியில் போய்ச் சொருகியிருக்கும். ஒரு பெண் தன் மானத்தையும் சோற்றையும் அந்த ஒரு முழ ஒயரில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள் என்றால் நம்புவீர்களா?

2006-ஆம் வருடம் அது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ராயபுரம் தாண்டி, திருவொற்றியூர் தாண்டி, ஒன்றன் பின் ஒன்றாக நாள்கணக்கில் நிற்கும். டிரைவர்கள் சக்கரத்துக்கு நடுவே ஸ்டவ் மூட்டிச் சோறு பொங்குவார்கள், கடலைப் பார்த்துப் பல் துலக்குவார்கள். அத்தனை நாள் காத்திருந்து வாசலுக்குப் போனதும், உள்ளே நுழையும் அனுமதிச் சீட்டைக் கம்ப்யூட்டர் பார்க்கும். கன்டெய்னர் பெட்டியின் எண், அதன் கதவில் பூட்டிய சீலின் எண், லாரி எண் என்று எல்லாம் இணையத்தில் ஏற்றியபடியே இருக்கவேண்டும். ஒன்று பிசகினாலும் லாரியைத் திருப்பி விடுவார்கள். திரும்பின லாரி மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான். இரண்டு நாள் போச்சு.

பிசகைத் திருத்தக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகலாம்தான். ஆனால் லாரியை யார் பார்த்துக்கொள்வது? முன்னால் இருக்கிற வண்டி நகரும்போது உன் வண்டி நகராவிட்டால் பின்னால் இருப்பவன் சும்மா இருப்பானா? ஆகவே ஐரீன் கம்ப்யூட்டரை டிரைவர்களிடம் கொண்டுவந்துவிட்டாள்.

இந்த யோசனை அவளுக்கு வந்தது ஒரு அவமானத்திலிருந்து.

ராயபுரம் பனைமரத்தொட்டியில் பிறந்தவள் ஐரீன். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்த கையோடு சவரிநாதனைக் கட்டிக்கொண்டாள். அவன் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டினான். சத்தம் போட்டுச் சிரிக்கிறவன். சம்பள நாளில் ஒரு முழம் மல்லிகையை மறக்காதவன். ஒரு மழைநாளில் இரும்புக் கயிறு அறுந்தது. அந்தச் சிரிப்பும் அன்றோடு நின்றது. கல்லறையில் மண் போட்ட மூன்றாம் நாள், சிவந்த கண்ணோடு ஐரீன், கப்பல் சரக்குக்குச் சீட்டு போட்டுக் கொடுக்கும் தேசப்பன் கிளியரிங் ஏஜென்சியில் தன் நாற்காலிக்குத் திரும்பினாள். அங்கே அவளுக்கு மொத்தம் பதினோரு வருட வேலை. டெலிபோனை எடுப்பது, சீட்டு டைப் அடிப்பது, முதலாளி தேசப்பனுக்கு வரும் கோபத்தை முதலில் வாங்கிக்கொள்வது, மூன்றும் அவள் பொறுப்பு.

2004-இல் ஒருநாள் தேசப்பனின் அக்கா மகன் போனில் ஒரு பெட்டி எண்ணைச் சொன்னான். நேரில் பெட்டியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றான். உண்மையில் அவன் நின்றது ஒரு சினிமா தியேட்டர் வாசலில். படித்தது சட்டைப் பையிலிருந்த பழைய சீட்டை. ஐரீன் அவன் சொன்னதைச் சொன்னபடி அடித்தாள். கன்டெய்னர் வாசலிலிருந்து திரும்பியது. கப்பல் போய்விட்டது.

மறுநாள் காலை தேசப்பன் எல்லார் முன்னாலும் ஒரு கடிதத்தை அவள் மேஜையில் போட்டார். என் கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்று எழுதியிருந்தது. கீழே அவள் பெயர் தயாராக டைப் அடிக்கப்பட்டிருந்தது.

"கையெழுத்துப் போடும்மா. பார்ட்டிக்கு யாரையாவது காட்டணும்ல? போட்டுட்டு நாளைக்கி வழக்கம்போல வேலைக்கி வா."

"நா செஞ்ச தப்புன்னா போடுவேன் சார். பாக்காத பெட்டிய பாத்தேன்னு சொன்னவருக்கு நா எதுக்கு போடணும்?"

"புருசன் இல்லாத பொம்பள. நாலு காசு வர்ற எடம். ரோசம் பாத்தா ரோட்ல தான் நிக்கணும்."

ஐரீன் பேனாவை மூடினாள். டிபன் பாக்ஸை எடுத்தாள். மேஜைமேல் இருந்த சின்ன வேளாங்கண்ணி மாதா படத்தை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ரோட்லயே நிக்கிறேன் சார்," என்றாள். படியிறங்கி வந்து நிஜமாகவே ரோட்டில் நின்றாள்.

தேசப்பன் அதோடு விடவில்லை. 'ஐரீன் கை பட்டா பெட்டி திரும்பிடும்' என்று ராயபுரம் முழுக்கச் சொல்லிவைத்தார். அவள் வேலை கேட்டு ஏறின ஆபீஸிலெல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆறு மாதம். பிறகு ஒருநாள், மங்கையின் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சீட்டில் ஒரு எண் மாறிப்போனதற்காக ஆறடி உயர லாரி டிரைவர் ஒருவன் ஸ்டீயரிங்கில் முகத்தைப் புதைத்துக் குலுங்கி அழுவதைப் பார்த்தாள். அவன் பெயர் வேம்பு. அந்த அழுகைதான் அவளுக்கு வழி காட்டியது.

பர்மா பஜாரில் ஒரு கைபேசிக் கடைக்காரர், மொபைலை லேப்டாப்பில் மாட்டினால் அதுவே இணையம் கொடுக்கும் மோடமாக வேலை செய்யும் என்று சொன்னார். ஐரீன் வீட்டுக்கு வந்து மாதா படத்தின் முன்னால் ஒரு மணி நேரம் முழங்காலில் இருந்தாள். எழுந்தபோது தாலிச் சங்கிலி கழுத்தில் இல்லை, கையில் இருந்தது. சவரி கட்டிய சங்கிலி! அதை விற்று வந்த லேப்டாப்பில், கடைக்காரர் கொடுத்த சிடியைப் போட்டு, ஒயரை மாட்டி, ஸ்டார், தொண்ணூற்றொன்பது, ஹாஷ் என்று டயல் செய்தாள். ஏழு தடவை முகத்திலடித்தாற்போல் 'முடியாது' என்றது. எட்டாவது தடவை திரையின் வலது மூலையில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர்கள் நீலமாகக் கண் சிமிட்டின. ஐரீன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. கைபேசிக்கு அழைப்பு வந்தால் இணையம் அப்படியே நின்றுவிடும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். மறுபடி முதலிலிருந்து டயல் செய்து, பக்கத்தைத் திறந்து, எல்லாவற்றையும் திரும்ப அடிக்கவேண்டும். ஆனாலும் அழைப்பில்லாமல் தொழில் இல்லை. டிரைவர்கள் காசு செலவில்லாமல் அவளோடு பேச ஒரு பாஷையே வைத்திருந்தார்கள். ஒரு மிஸ்டு கால் என்றால், 'வரிசையில் சேர்ந்துவிட்டேன்.' இரண்டு என்றால், 'சிக்கல், உடனே வா.' மூன்று என்றால், 'வாசலுக்குள்ளே போய்விட்டேன், நன்றி அக்கா.' நாளெல்லாம் அந்தக் கைபேசி சிணுங்கி அடங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் நடுப்பிரசங்கத்தில் சிணுங்கி, சாமியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக முறைத்தபிறகு, பூசை நேரத்துக்கு மட்டும் அழைப்புகளை மங்கை கடை மஞ்சள் டெலிபோனுக்குத் திருப்பிவிடக் கற்றுக்கொண்டாள். மங்கை ஒரு சிலேட்டில் கோடு போட்டு வைத்திருப்பாள்.

இப்படி ஒன்றரை வருடம். ஐரீனுக்கு ஒரே ஒரு சட்டம்தான். தன் கண்ணால் பெட்டியைப் பார்க்காமல் ஒரு எண்ணைக்கூட அடிக்கமாட்டாள். வேம்புவே சொன்னாலும் சரி, அந்த வேளாங்கண்ணித் தாயே வந்து சொன்னாலும் சரி.

இனி அந்த மே மாதத்து வியாழக்கிழமைக்கு வருவோம்.

பெரியமேட்டில் தோல் கையுறை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர் ரஹீம். இருபது வருடமாக தேசப்பனின் வாடிக்கை. அந்த மாதம்தான் முதல் தடவையாக, 'இந்த ஒரு பெட்டிய நீ பண்ணும்மா, பாக்கலாம்,' என்று ஐரீனிடம் கொடுத்திருந்தார். டிரைவர்கள் நம்புவது ஒன்று, ஏற்றுமதிக்காரர் நம்புவது இன்னொன்று. இந்தப் பெட்டி ஒழுங்காகக் கப்பல் ஏறினால் பெரியமேட்டில் அவள் பெயர் நிற்கும். திரும்பினால், தேசப்பன் சொன்னதுதான் உண்மை என்று ஊரே கைதட்டும்.

அந்தக் கப்பலுக்கான பெட்டிகளை அன்று மாலை நாலு மணி வரைக்கும்தான் உள்ளே விடுவார்கள்.

மத்தியானம் பெட்டியைச் சுமந்த லாரிக்கு அச்சு முறிந்தது. பின்னாலேயே காலி வண்டியோடு வந்த வேம்பு, ஒரு கிரேனைப் பிடித்துப் பெட்டியைத் தன் வண்டிக்கு மாற்றிக்கொண்டான். வரிசையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அந்த ரோட்டு வழக்கம் அது. இடம் பெட்டிக்குத்தான், லாரிக்கு அல்ல. எந்த வண்டி சுமந்தாலும் பெட்டி அதன் இடத்திலேயே நிற்கும். ஆனால் துறைமுகத்துக் கம்ப்யூட்டருக்கு அந்த நியாயம் தெரியுமா? சீட்டில் இருந்தது பழைய லாரியின் எண்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கைபேசி இரண்டு தடவை சிணுங்கியது.

ஐரீன் லேப்டாப்பை மூடிக் கையில் அணைத்துக்கொண்டு கிளம்பினாள். மங்கை கத்தினாள்.

"யக்கோவ்! இந்த வெயில்ல ரெண்டு கிலோமீட்டர் நடப்பியா? நம்பர போன்ல கேட்டு அடிச்சினு போவியா..."

"போன்ல கேட்டு அடிச்சுதாண்டி நா ரோட்டுக்கு வந்தேன்!"

வேம்பு லாரி வாசலுக்குப் பத்தாவது வண்டியாக நின்றது. ஐரீன் வேர்த்து வழியப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று பதினைந்து. பெட்டியின் கதவுப் பக்கம் போய் எண்ணைப் பார்த்தாள், சீலைத் தொட்டுப் பார்த்தாள், லாரி எண்ணைப் பார்த்தாள். நோட்டில் எழுதி, மறுபடி ஒருமுறை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். சக்கரத்தின் நிழலில் உட்கார்ந்து ஒயரை மாட்டினாள்.

கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

இடது பக்கம் உள்ளே போகும் பெட்டிகள், வலது பக்கம் காலியாகத் திரும்பும் பெட்டிகள். இரும்புச் சுவருக்கு நடுவே, கிணற்றுக்குள் இருப்பது போல் இருந்தாள். கையை உயர்த்திப் பார்த்தாள். லாரியின் படியில் ஏறி நின்று பார்த்தாள். அரைக் கோடு வந்தது, போனது.

"கடைக்கே போயிட்லாங்க்கா," என்றான் வேம்பு.

"போறதுக்குள்ள நாலு மணி ஆயிடும்." ஐரீன் அண்ணாந்து பார்த்தாள். பதினான்கு அடி உயரத்தில் பெட்டியின் கூரை வெயிலில் மின்னியது. "மேல சிக்னல் இருக்கும், இல்ல?"

"மேலயா? யக்கா, இன்னா பேஜாரு பண்ற? நீ எப்டி..."

"ஏணி எங்க கெடைக்கும், அதச் சொல்லு."

தார்ப்பாய் கட்டுகிறவர்களிடமிருந்து மூங்கில் ஏணி வந்தது. ஐரீன் புடவையை இழுத்துச் செருகினாள். இரண்டு பக்கத்து லாரிகளிலிருந்தும் தலைகள் நீண்டன. ஒருவன் விசிலடித்தான். வேம்பு அவனைப் பார்த்த பார்வையில் விசில் பாதியில் செத்தது. ஏணியின் மூன்றாம் படியில் ஒரு கணம் நின்று கீழே பார்த்தாள். இரும்புக் கயிறு அறுந்த அன்று சவரி நின்ற உயரம் நினைவுக்கு வந்தது. 'சவரி, பிடிச்சுக்க,' என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள். ஏறிவிட்டாள்.

கூரைத் தகடு தோசைக்கல்லாய்க் கொதித்தது. வேம்பு ஈரச் சாக்கை வீசினான். அதன்மேல் மண்டியிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். ஒரு பக்கம் முழுக்கக் கடல். மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகளின் முதுகு. கைபேசியில் நான்கு கோடு! ஸ்டார், தொண்ணூற்றொன்பது, ஹாஷ். இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர்கள் கண் சிமிட்டின.

பாட்டரி முப்பத்தெட்டு சதவீதம். மணி மூன்று இருபத்தைந்து.

பக்கம் அங்குலம் அங்குலமாகத் திறந்தது. பெட்டி எண்ணை அடித்தாள். சீல் எண்ணை அடித்தாள். லாரி எண்ணுக்கு வந்தபோது கைபேசி சிணுங்கியது. இணைப்பு போனது. மறுபடி டயல். மறுபடி முதலிலிருந்து. பாதியில் இன்னொரு சிணுங்கல். இன்னொரு எண். பெட்டிமேல் ஐரீன் ஏறிய செய்தி வரிசை நெடுகப் பரவியிருந்தது. அவள்மேல் உயிரையே வைத்திருந்த டிரைவர்கள், என்ன ஆச்சு என்று தெரிந்துகொள்ள ஆளுக்கொரு மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாவம், அவர்கள் அன்பே அவள் கழுத்தை இறுக்கியது.

ஐரீன் எழுந்து நின்றாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

"யாரும் எனக்கு மிஸ்டு கால் குடுக்காதீங்கப்பா! போன் வந்தா நெட்டு கட் ஆவுது! பின்னால சொல்லுங்க!"

வேம்பு அதை வாங்கிப் பின்வண்டிக்குக் கத்தினான். "ஐரீன்க்காவுக்கு ஒரு பய மிஸ்டு கால் குடுக்கக் கூடாது! குடுத்தா கைய ஒடைச்சிடுவேன்!" அடுத்தவன் அதற்கடுத்தவனுக்கு. அந்தக் குரல் லாரி லாரியாகத் தாவித் திருவொற்றியூர் பக்கம் ஓடியது.

ஆனால் அந்தக் குரலைக் கேட்டவர் இன்னொருவரும் இருந்தார்.

"இன்னாம்மா ஐரீன், சர்க்கஸ்ல சேந்துட்டியா?"

கீழே, வெள்ளைச் சட்டையும் கக்கத்தில் ரெக்ஸின் பையுமாக தேசப்பன் நின்றிருந்தார். வாசலில் நிற்கும் அவர் ஆள், பெட்டி சிக்கிக்கொண்டதைச் சொல்லியிருப்பான். இரண்டு வருடத்தில் தொப்பை இன்னும் கொஞ்சம் முன்னேறியிருந்தது.

"ரஹீம் பாய்கிட்ட பேசிட்டேன். நாலு மணி தாண்டிச்சுன்னா பேப்பரு என் கைக்கு வந்துடும். எறங்கு, எறங்கு. வயசான காலத்துல வுழுந்து வைக்காத. அந்த லெட்டர் இன்னும் என் டிராயர்ல பத்திரமா கீது. ஒரு கையெழுத்துப் போடு, பழைய நாற்காலிய தூசி தட்டிக் குடுக்குறேன்."

"எனக்கு இங்க நல்லா காத்து வருது சார்," என்றாள் ஐரீன். விரல்கள் நிற்கவில்லை.

தேசப்பன் சிரித்தார். அவசரமில்லாமல் சட்டைப் பையிலிருந்து தன் கைபேசியை எடுத்தார். கட்டை விரலால் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

ஐரீனின் கைபேசி சிணுங்கியது. திரையில் பதினோரு வருடம் பழகிய எண். இணைப்பு போனது.

மறுபடி டயல் செய்தாள். அவரும் மறுபடி டயல் செய்தார். மூன்றாவது முறை. மணி மூன்று முப்பத்தெட்டு. பாட்டரி பத்தொன்பது. தேசப்பன் எதிர் லாரியின் நிழலில் சாய்ந்துகொண்டு, வெற்றிலை போடுகிற நிதானத்தில் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்.

வேம்பு டயர் தட்டும் இரும்பு ராடோடு குதித்தான். "யோவ் கய்தே! போன உள்ள வக்கிறியா, இல்ல..."

"வேம்பு!" மேலேயிருந்து ஐரீனின் குரல் சவுக்காய் விழுந்தது. "அவர் மேல கை வச்சேன்னா நீ ஸ்டேசனுக்குப் போவ, பெட்டி யார் ஓட்டுறது? வண்டில ஏறு. இஞ்சின் ஸ்டார்ட் பண்ணு."

"யக்கா, அந்தாளு வுட மாட்டாங்க்கா!"

"ஏறுன்னு சொன்னேன்."

வேம்பு பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். ஐரீனின் கண் நிறைந்தது. வேர்வையா, கண்ணீரா, அவளுக்கே தெரியவில்லை. பதினோரு வருடம் அந்த மனிதனுக்காக எத்தனை டெலிபோன் எடுத்திருப்பாள்! 'முதலாளி இல்லீங்க, வெளிய போயிருக்காருங்க' என்று எத்தனை பொய், எத்தனை வசவு! உட்கார்ந்த நாற்காலி போனாலும், அந்த ஆபீஸ் டெலிபோன் எண் மட்டும் அவள் விரல் நுனியை விட்டுப் போகவேயில்லை.

விரல் நுனி...

ஐரீன் சட்டென்று நிமிர்ந்தாள். பூசை நேரத்தில் செய்வதுதானே! மங்கையின் டெலிபோனுக்குத் திருப்புவதற்காக விரல் கைபேசிக்குப் போனது. ஸ்டார், இருபத்தொன்று, ஸ்டார். அங்கே ஒரு கணம் நின்றது. அவள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. மங்கையின் எண்ணை அடிக்கவில்லை. தேசப்பன் கிளியரிங் ஏஜென்சியின் எண்ணை அடித்தாள். ஹாஷ். அழைப்புப் பொத்தான். 'எல்லா அழைப்புகளும் திருப்பப்பட்டன' என்று கைபேசி ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னது.

கீழே தேசப்பன் அழுத்தினார். காதில் வைத்தார். முகத்திலிருந்த சிரிப்பு கோணிக்கொண்டது.

"ஹலோ? யாரு? இன்னாது, தேசப்பன் கிளியரிங்கா? டேய், நான்தாண்டா தேசப்பன்! நீ எதுக்குடா எடுக்குற? நா ஐரீனுக்குப் போட்டா உனக்கு எப்டிடா வரும்? வைடா போன!"

வைத்தார். மறுபடி போட்டார். ஆபீஸ் பையனுக்கும் முதலாளிக்கும் நடந்த இரண்டாவது உரையாடலை இங்கே எழுத முடியாது. பக்கத்து லாரி கிளீனர் சிரித்துச் சிரித்துப் படியிலிருந்து சறுக்கி விழுந்தான்.

ஐரீனின் கைபேசி மௌனமாக இருந்தது. ஒரு சிணுங்கல் இல்லை. குட்டிக் கம்ப்யூட்டர்கள் இரண்டும் விடாமல் கண் சிமிட்டின. பெட்டி எண். சீல் எண். லாரி எண். நோட்டோடு ஒரு தடவை ஒப்பிட்டாள். அவசரத்திலும் அந்த ஒரு தடவையை அவள் விடவில்லை. அனுப்பினாள். திரை வெள்ளையாக நின்றது. பாட்டரி பதினொன்று. ஒன்பது. வரிசை முன்னால் நகர ஆரம்பித்தது. வேம்பு எட்டிப் பார்த்து அலறினான். "யக்கா, நவுரணும்! பின்னால ஹாரன் அடிக்கிறான்!"

"மெதுவா ஓட்டு! நா புடிச்சுக்கிறேன்!"

லாரி ஊர்ந்தது. கொதிக்கும் இரும்பின்மேல், ஒரு கையால் கூரை விளிம்பைப் பிடித்து, ஒரு கையால் திறந்த லேப்டாப்பை மார்போடு அணைத்து, முந்தானை கடல்காற்றில் கொடி போல் அடிக்க, துறைமுகத்தை நோக்கி ஐரீன் போனாள். இரண்டு பக்கமும் டிரைவர்கள் கதவைத் திறந்துகொண்டு எழுந்து நின்றார்கள். இந்தத் தடவை ஒருவனும் விசிலடிக்கவில்லை.

திரையில் எழுத்து வந்தது. திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

"ஆயிடுச்சு! வேம்பு, ஆயிடுச்சுடா!"

வாசலுக்கு நான்கு வண்டி இருக்கும்போது லாரி நின்றது. பின்னாலேயே ஒரு கிளீனர் தூக்கி வந்த ஏணியில் ஐரீன் இறங்கினாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. மணி மூன்று ஐம்பது. வேம்புவின் லாரி ஊர்ந்து ஊர்ந்து வளைவில் திரும்பியது. அந்தப் பக்கத்தில் வாசலை மறைத்துக் கொண்டிருந்தன மற்ற பெட்டிகள். உள்ளே விட்டார்களா? திருப்பினார்களா? இங்கிருந்து தெரியாது. ஐரீன் நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து, ஜெபமாலை இல்லாத கையில் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

தேசப்பன் வந்து எதிரே நின்றார். முகம் கருத்திருந்தது.

"அத எடுத்துடு ஐரீன். என் ஆபீஸ் போனுக்குத் திருப்பி வுட்டிருக்கியே, அத எடு. கேஸு போடுவேன்."

"போடுங்க சார். ஐரீன் நம்பருக்கு எதுக்கு இத்தன தடவ போன் பண்ணீங்கன்னு கோர்ட்லயும் கேப்பாங்க."

அந்த நேரம் தேசப்பனின் கைபேசி அடித்தது. எரிச்சலோடு எடுத்தார். ஆபீஸ் பையனின் குரல் பயத்தில் கீச்சென்று வெளியே கேட்டது.

"சார், யாரோ ராங் நம்பரு சார். ரிங்கு வருது, எடுக்கறதுக்குள்ள கட் பண்றான். ஒரே ஆளு, மூணு தடவ சார்!"

ஐரீன் மெல்ல எழுந்தாள்.

"மூணா? நல்லா கேளுங்க சார். மூணு தடவையா?"

"ஆமா, மூணு! அதுக்கு இன்னா இப்போ?" என்று தேசப்பன் சீறினார்.

"நம்பரு கடைசில என்ன வருதாம்?"

ஏன் கேட்கிறாள் என்று புரியாமலே அவர் அதையும் கேட்டுச் சொன்னார். நாற்பத்தேழு. வேம்புவின் எண்.

ஐரீன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். அடக்கி வைத்த அழுகை பொங்கி வந்தது; அழுதுகொண்டே சிரித்தாள். "ரஹீம் பாயோட பெட்டி உள்ள போயிடுச்சு சார். எனக்கு வந்த நன்றி அது. உங்க ஆபீஸ்ல வாங்கி வச்சிருக்காங்க. தம்பிக்குத் தேங்க்ஸ் சொல்லுங்க."

"சரி, போச்சுல்ல? இப்பவாவது அத எடு!"

"பதினோரு வருசம் அந்தப் போன நா எடுத்தேன் சார். ஒரு சாயங்காலம் நீங்க எடுங்க."

தேசப்பன் ரெக்ஸின் பையை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே வேகவேகமாக நடந்தார்.

எல்லாவற்றையும் ஜன்னலில் தலை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்த பின்வண்டி டிரைவர் ஐரீனைப் பார்த்தான். "யக்கா, அப்போ இப்ப உனுக்கு மிஸ்டு கால் குடுத்தா அங்கதான் போவுமா?"

"ஆமாப்பா."

"குடுக்கலாமா?"

ஐரீன் லேப்டாப்பைத் துடைத்து மூடினாள். இரண்டு கிலோமீட்டர் திரும்பி நடக்கவேண்டும். மங்கை டீயோடு காத்திருப்பாள்.

"நா வேணாம்னு சொல்லல," என்றாள்.

அவன் தலையை வெளியே நீட்டிப் பின்னால் இருந்தவனுக்குக் கத்தினான். அந்தக் குரல் வண்டி வண்டியாகத் தாவி ஓடியது. மங்கையின் கடை வரைக்கும், அதற்கு அப்பால் எண்ணூர் வரைக்கும், நின்றுகொண்டிருந்த லாரிகளுக்குள்ளே பட்டன் போன்கள் ஒவ்வொன்றாக வெளிச்சம் போட ஆரம்பித்தன.